ஜோர்டன் லவ்வை எடுத்தது சரியா? குட்டேகுன்ஸ்டின் 2020 முடிவைப் பற்றி ஒரு விவாதம்

லாம்போ செல்வம்:

ஐந்து வருடம் ஓடிவிட்டது, இந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. போன வாரம்கூட வேறொரு இழையில் சம்பந்தமே இல்லாமல் இதே பேச்சு கிளம்பி ஆளாளுக்கு மோதிக்கொண்டார்கள், அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன்.

புதிதாக ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2019 சீசனில் நம் அமெரிக்கக் கால்பந்து அணி கிரீன் பே பேக்கர்ஸுக்கு 13 வெற்றி, 3 தோல்வி. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று அடிவாங்கித் திரும்பினார்கள். அந்த ஒரே ஆட்டத்தில் ரஹீம் மோஸ்டர்ட் ஓடியே 220 யார்டு எடுத்து 4 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) போட்டார். ஓட்டத்தை நிறுத்த ஆள் வேண்டும், டாவாண்டே ஆடம்ஸுக்குத் துணையாக இன்னொரு ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) வேண்டும், டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி கல்லூரி வீரர்களை எடுக்கும் நாளில், முதல் சுற்றில் இந்த இரண்டில் ஒன்று நிச்சயம் என்று எல்லாரும் காத்திருந்தோம். 2020 ஏப்ரல் 23, பெருந்தொற்றுக் காலம், கமிஷனர் குடெல் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பெயர் வாசிக்கிறார். நம் பொது மேலாளர் பிரையன் குட்டேகுன்ஸ்ட் 30ஆவது இடத்தில் இருந்தவர், மயாமிக்கு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து 26க்கு ஏறினார். அப்படி ஏறி அவர் எடுத்தது யூட்டா ஸ்டேட் கல்லூரியின் ஜோர்டன் லவ்வை, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை. ஏற்கெனவே அந்த இடத்தில் ஆடிய ஆரோன் ராட்ஜர்ஸுக்கு அப்போது 36 வயது, 2018இல் போட்ட 134 மில்லியன் டாலர் நீட்டிப்பின் முதல் வருடம் அப்போதுதான் தொடங்குகிறது.

நான் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் இரண்டாம் சுற்றில் ஏ.ஜே. டில்லன், மூன்றாவதில் டிகுவாரா. மொத்த டிராஃப்டிலும் ஒரு ரிசீவர்கூட இல்லை, அதுவும் நல்ல ரிசீவர்கள் கொட்டிக் கிடந்த வருடத்தில்.

இப்போது என் கருத்து மாறிவிட்டது. எடுத்தது சரி. ராட்ஜர்ஸிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்ததுதான் தப்பு, அதை குட்டேகுன்ஸ்டே பின்னால் ஒப்புக்கொண்டார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், ஆனால் தயவுசெய்து காரணத்தோடு சொல்லுங்கள்.

நான்காவது டவுன்:

செல்வம் அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். லவ் நன்றாக ஆடுகிறார் என்பதற்காக அன்று எடுத்த முடிவு சரியாகிவிடாது. 2020இல் அணி சூப்பர் பௌலுக்கு ஒரு ஆட்டம் தூரத்தில் நின்றது. ராட்ஜர்ஸ் 48 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட வீச்சு) என்று ஆடி மதிப்புமிக்க வீரர் விருது வாங்கிய வருடம் அது. மறு வருடமும் அவருக்கே விருது. அந்த இரண்டு வருடமும் முதல் சுற்றில் எடுத்த ஆள் களத்தில் எதுவுமே தரவில்லை. 2020இல் லவ் மூன்றாவது குவார்ட்டர்பேக், ஒரு ஆட்டத்துக்குக்கூடச் சீருடை போடவில்லை, டிம் பாயல்தான் இரண்டாவது.

டீ ஹிக்கின்ஸ் 33ஆவது இடத்தில் சின்சினாட்டிக்குப் போனார். மைக்கேல் பிட்மன் 34. ஏற வேண்டிய அவசியமே இல்லை, 30இலேயே உட்கார்ந்திருந்தால் ஹிக்கின்ஸ் கைக்கு வந்திருப்பார். 2021 ஜனவரியில் டாம்பா பேயுடன் நடந்த ஆட்டத்தை யாராவது மறக்க முடியுமா? 8 புள்ளி பின்தங்கி, 8 யார்டு கோட்டில் நிற்கிறோம், மூன்று முறை வீசியும் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், பயிற்சியாளர் லஃப்ளோர் உதைப்பவரான கிராஸ்பியை அனுப்பி 3 புள்ளி எடுக்கச் சொன்னார், கடிகாரத்தில் 2 நிமிடம் 5 வினாடி. பந்து அதற்குப் பிறகு நம் கைக்குத் திரும்பவே இல்லை. 31-26. என் பெயரை இங்கே எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த மூன்று வீச்சில் ஒன்றைப் பிடிக்க இன்னொரு நல்ல கை இருந்திருந்தால் என்பதுதான் என் கேள்வி. அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சுபா மேடிசன்:

பதில் நான் சொல்கிறேன் தம்பி. அந்த வருடம் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி நாம்தான், 16 ஆட்டத்தில் 509. புள்ளி எடுப்பதில் நமக்குக் குறையே இல்லை. அந்த டாம்பா ஆட்டத்தில் முதல் பாதி முடிய சில வினாடி இருக்கும்போது ஸ்காட்டி மில்லர் நம் கெவின் கிங்கைத் தாண்டி ஓடி 39 யார்டு டச்டவுன் போட்டாரே, அங்கேதான் ஆட்டம் சாய்ந்தது. கடைசியில் பந்தைத் திரும்ப வாங்க வேண்டிய மூன்றாவது டவுனில் சட்டையைப் பிடித்து இழுத்து அபராதம் வாங்கியவரும் அதே கிங். ரிசீவர் இருந்திருந்தால் என்று நீங்கள் சொல்வதைவிட, கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைக் காவல் காப்பவர்) இருந்திருந்தால் என்று சொன்னால் நானே ஆமாம் போடுவேன்.

2022 ஜனவரியும் அப்படித்தான். சான் பிரான்சிஸ்கோ நம் தடுப்பாட்டத்துக்கு எதிராக ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. முதல் பாதிக் கடைசியில் நம் ஃபீல்டு கோலை, அதாவது 3 புள்ளிக்கான உதையைத் தடுத்தார்கள், நான்காம் கால்பகுதியில் நம் பன்ட்டை (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து விட்டுக்கொடுப்பது) தடுத்து அதையே எடுத்துக்கொண்டு போய் டச்டவுன் போட்டார்கள். 13-10. நம் லாம்போ மைதானத்தில் பனி கொட்டுகிறது, கடைசி உதை உள்ளே போகிறது, எங்கள் வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஜோர்டன் லவ்வைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நான்காவது டவுன்:

அக்கா, அதே ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராட்ஜர்ஸ் அன்று முடித்த 20 வீச்சில் ஆடம்ஸ் 9 பிடித்தார், ஆரோன் ஜோன்ஸ் 9 பிடித்தார். மீதி எல்லா ஆட்களுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு. முதல் வாட்டி பந்தை எடுத்தபோது டச்டவுன், அப்புறம் ஆட்டம் முழுக்க 3 புள்ளி. எதிரணிக்கு இரண்டு பேரைக் காவல் வைத்தால் போதும் என்று தெரிந்துவிட்டது. பன்ட் தடுக்கப்பட்டது உண்மை. ஆனால் 20 புள்ளி எடுத்திருந்தால் அந்தப் பன்ட் வெறும் செய்தியாகப் போயிருக்கும்.

சுபா மேடிசன்:

இதை மறுக்க மாட்டேன். அந்த ஆட்டத்தில் நீங்கள் சொல்வது சரி.

சிகாகோ கதிர்:

எதிர்முகாமிலிருந்து வருகிறேன், மன்னிக்கவும். நான் பியர்ஸ் ரசிகன். நூறு வருடத்துக்கு மேல் ஆடும் எங்கள் அணியில் ஒரே சீசனில் 4,000 யார்டு வீசிய குவார்ட்டர்பேக் ஒருவர்கூடக் கிடையாது. உங்கள் லவ் முதன்முதலாக முழு சீசன் ஆடிய 2023லேயே 4,159 யார்டு, 32 டச்டவுன். 1992இல் பிரெட் ஃபார்வ் களம் இறங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் 30 வருடத்துக்கு மேலாக உங்களுக்கு மூன்றே பேர். இதே காலத்தில் நாங்கள் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எண்ணிச் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

குவார்ட்டர்பேக் தேவைப்படும்போது தேடப் போனால் கிடைக்க மாட்டார். அப்போது நம் கை கீழே, விற்பவன் கை மேலே. தேவை இல்லாதபோது எடுத்து வைப்பவன்தான் பிழைக்கிறான். 2005இல் அன்றைய உங்கள் பொது மேலாளர் டெட் தாம்சன் செய்ததும் அதுதான், ஃபார்வ் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே 24ஆவது இடத்தில் ராட்ஜர்ஸை எடுத்தார், மூன்று வருடம் உட்கார வைத்தார். அந்த ராட்ஜர்ஸ்தான் 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். குட்டேகுன்ஸ்ட் தாம்சனிடம் வளர்ந்தவர், அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

ஈகிள்ஸ் ரவி:

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். லவ்வை எடுத்த மறுநாள், அதே டிராஃப்ட், 53ஆவது இடம். எங்கள் ஃபிலடெல்பியா ஈகிள்ஸின் பொது மேலாளர் ஹவி ரோஸ்மன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தார். அப்போதைய எங்கள் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு 128 மில்லியன் டாலர் நீட்டிப்பு கொடுத்து ஒரு வருடம்கூட முடியவில்லை. எங்கள் ஊரில் வானொலியைப் போட்டால் திட்டுதான். அப்புறம் நடந்தது தெரியும், வென்ட்ஸ் அந்த வருடமே சரிந்தார், ஹர்ட்ஸ் 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்று அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹர்ட்ஸ் இரண்டாம் சுற்று. அதனால்தான் நான் குட்டேகுன்ஸ்டை முழுதாக ஆதரிக்கத் தயங்குகிறேன். முதல் சுற்றுத் தேர்வு, அதுவும் மேலே ஏற நான்காம் சுற்றையும் கொடுத்து வாங்கியது, கொஞ்சம் அதிக விலை.

வரவுசெலவு:

விலையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நான் எழுதுகிறேன். ரிசீவரை எடுக்காததை விட்டுவிடுங்கள், உண்மையான நட்டம் எங்கே என்று யாரும் பேசவில்லை.

டிராஃப்டில் வந்த குவார்ட்டர்பேக்கின் முதல் ஒப்பந்தம் மிக மலிவு. லவ்வுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 12 மில்லியன் டாலர் சொச்சம்தான். நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் அந்த விலைக்கு ஆடும்போது மிச்சப் பணத்தில் மற்ற எல்லா இடத்துக்கும் ஆள் வாங்கலாம். லீகில் சம்பள உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்று என்பதால், இதைவிடப் பெரிய அனுகூலம் ஒரு பொது மேலாளருக்குக் கிடையாது. பேக்கர்ஸ் அந்த நான்கில் மூன்று வருடத்தைப் பெஞ்சிலேயே செலவழித்தது. நான்காவது வருடமான 2023இல்தான் லவ் ஆடினார். அந்த வருடமாவது மிச்சம் பிடித்தார்களா என்றால் இல்லை, ராட்ஜர்ஸை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பியதால் அவர் பேரில் 40 மில்லியன் டாலர் உச்சவரம்பில் வந்து விழுந்தது. அணியிலேயே இல்லாத ஆளுக்கு 40 மில்லியன். 2024 ஜூலையில் லவ்வுக்கு நான்கு வருடம், 220 மில்லியன். மலிவுக் காலம் தொடங்காமலே முடிந்தது.

ஆக, அந்த 40 மில்லியன் எங்கிருந்து வந்தது? 2020இல் லவ்வை எடுத்ததால் வரவில்லை. 2022 மார்ச்சில் ராட்ஜர்ஸுடன் போட்ட புதிய ஒப்பந்தத்தால் வந்தது, மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 150 மில்லியன். அதே வாரத்தில் ஆடம்ஸ் லாஸ் வேகஸுக்குப் போனார். 2020இல் "நாளைக்கு ஆள் தயார்" என்று முடிவெடுத்த அதே குட்டேகுன்ஸ்ட், 2022இல் அந்த முடிவை நம்பவில்லை. அந்த சீசன் 8-9 என்று முடிந்தது, கடைசி ஆட்டத்தில் டெட்ராய்ட்டிடம் சொந்த மைதானத்தில் 20-16 என்று தோற்று ப்ளேஆஃபும் (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) போயிற்று. என் வழக்கு 2020 மேல் இல்லை. 2022 மேல்.

லாம்போ செல்வம்:

இதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள், 2022 மார்ச்சில் அடுத்தடுத்து இரண்டு வருடம் விருது வாங்கிய ஆளை எந்த மேலாளர் அனுப்புவார்? லவ் அதுவரை தொடங்கி ஆடியது ஒரே ஆட்டம், 2021 நவம்பரில் ராட்ஜர்ஸுக்குக் கோவிட் வந்தபோது கன்சாஸ் சிட்டியில், அதிலும் 13-7 தோல்வி, லவ் தடுமாறியதை எல்லாரும் பார்த்தோம். அந்த நிலையில் குட்டேகுன்ஸ்ட் ராட்ஜர்ஸை அனுப்பியிருந்தால் ஊரே திரண்டு அவர் வீட்டு முன் நின்றிருக்கும். நம் அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது, பங்கு வைத்திருப்பதே நாம்தான்.

வரவுசெலவு:

அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஊர் கோபப்படும் என்று பார்த்தால் 2020இலும் எடுத்திருக்கக் கூடாது. 2008இல் ஃபார்வ் திரும்பி வருகிறேன் என்றபோது தாம்சன் அவரை ஜெட்ஸுக்கு அனுப்பினார், அன்றும் ஊர் கொதித்தது. பாடத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டால் எப்படி?

மீனா கார்த்தி:

நான் இவ்வளவு கணக்குப் பார்க்கிறவள் இல்லை. எனக்கு உறுத்துவது செல்வம் அண்ணன் முதலில் சொன்ன விஷயம்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், என் வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்பதைப் பக்கத்து மேசையில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரும் எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து அந்த இடத்தில் எனக்கு எதுவும் ஒட்டவில்லை, சம்பளம் ஒழுங்காக வந்தது, வேலையும் செய்தேன், ஆனால் ஒட்டவில்லை. 2021 டிராஃப்ட் நாளன்று ராட்ஜர்ஸ் திரும்ப வர விரும்பவில்லை என்று செய்தி வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும், ஐந்து நிமிடம். வரவுசெலவு சொல்லும் அந்த 2022 ஒப்பந்தம்கூட, உறவு கெட்டுப்போனதைப் பணத்தால் ஒட்டப் பார்த்ததாகத்தான் எனக்குத் தெரிகிறது.

வரவுசெலவு:

நான் இப்படி யோசித்ததில்லை. இருக்கலாம்.

புது ரசிகன் அருண்:

ஒரு கேள்வி. லவ் தேறாமல் போயிருந்தால் இங்கே இருக்கிற எத்தனை பேர் "எடுத்தது சரி" என்று சொல்லியிருப்பீர்கள்? கல்லூரியில் கடைசி வருடம் 20 டச்டவுனுக்கு 17 இன்டர்செப்ஷன். அதைப் பார்த்து ஒருவரை எதிர்காலம் என்று எப்படி நம்பினார்கள்?

சுபா மேடிசன்:

நல்ல கேள்வி தம்பி. அதற்கு முந்தைய வருடம் 2018ஐயும் பாருங்கள், 32 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். நடுவில் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போனார், கூட ஆடியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். கை அதே கைதான். உடனே ஆட வேண்டிய அவசியம் உள்ள அணி அந்த 17ஐப் பார்த்துப் பயப்படும், மூன்று வருடம் உட்கார வைத்துச் செதுக்க முடிந்த அணிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆகவே அந்த ஆளை எடுக்க லீகிலேயே பொருத்தமான இடம் கிரீன் பேதான். இதை நான் இப்போது பார்த்துச் சொல்லவில்லை, அன்றே சொன்னேன், பழைய இழையில் தேடிப் பாருங்கள்.

2022 நவம்பரில் ஃபிலடெல்பியாவில் ராட்ஜர்ஸ் விலா வலியோடு வெளியேறிய இரவு ஞாபகம் இருக்கிறதா? லவ் உள்ளே வந்தார். நடுவில் குறுக்கே ஓடும் கிறிஸ்டியன் வாட்சனுக்கு ஒரு சின்ன வீச்சு, வாட்சன் ஓட்டத்தைக் குறைக்கவே தேவையில்லாமல் பந்து சரியாக அவர் நெஞ்சுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, அப்படியே 63 யார்டு ஓடிப் போனார். கன்சாஸ் சிட்டியில் பார்த்த பையன் அப்படி வீச மாட்டான். கால் அடங்கியிருந்தது, பந்து சீக்கிரம் கையை விட்டது. தோற்ற ஆட்டம்தான், 40-33, ஆனால் நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஈகிள்ஸ் ரவி:

அந்த ஆட்டத்தில் நான் மைதானத்தில் இருந்தேன் அக்கா. லவ் உள்ளே வந்ததும் எங்கள் ஆட்கள் ஜெயித்தாயிற்று என்று கைதட்டினார்கள். அந்த வீச்சுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை.

லாம்போ செல்வம்:

அருண் கேட்டதற்கு நானும் சொல்கிறேன். 2023இல் 3 வெற்றி 6 தோல்வி என்று இருந்தபோது நான் மறுபடி பழைய கோபத்துக்குப் போய்விட்டேன், உண்மை. அந்தக் கட்டத்தில் கேட்டிருந்தால் தப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் கடைசி 8 ஆட்டத்தில் 18 டச்டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன். டல்லஸுக்கே போய் 48-32 வெற்றி. ஆளைப் பார்த்து மனம் மாறினேன், முடிவைப் பார்த்து இல்லை. அருணின் கேள்வி என்னைத்தான் குத்துகிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு இப்போது தோன்றுவது, லவ் தேறாமல் போயிருந்தாலும் 36 வயது குவார்ட்டர்பேக் வைத்திருக்கும் மேலாளர் அடுத்த ஆளைத் தேடியது கடமை. வரவுசெலவு சொன்ன 2022ஐப் பற்றி என் மனம் இன்னும் முழுதாக முடிவுக்கு வரவில்லை, ஆனால் முதல் பதிவில் நான் எழுதியதைவிட அது பெரிய தப்பு என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

சிகாகோ கதிர்:

2024இல் அட்லாண்டா செய்ததையும் இதே அளவுகோலில் வைக்கலாமா? மார்ச்சில் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸுக்கு 180 மில்லியன் ஒப்பந்தம், ஏப்ரல் டிராஃப்டில் 8ஆவது இடத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக், பெனிக்ஸ்.

வரவுசெலவு:

வேண்டாம், அது வேறு. ராட்ஜர்ஸ் 15 வருடமாக இருந்தவர், வாரிசு தேடினார்கள். அட்லாண்டா ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஒரே இடத்துக்கு இரண்டு பேரை வாங்கியது. அதற்குத் தனி இழை போடுங்கள், நான் வருகிறேன்.

நான்காவது டவுன்:

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 2025 ஏப்ரலில் டிராஃப்ட் நம் ஊரிலேயே நடந்தது அல்லவா, முதல் நாள் நான் தம்பியோடு போயிருந்தேன். லாம்போவுக்கு வெளியே நிற்க இடமில்லை, மேடை தெரியவில்லை, முன்னால் நின்றவர் தோளில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். 23ஆவது தேர்வு நமது. மேத்யூ கோல்டன், ரிசீவர் என்று அறிவிப்பு வந்தது. 2002இல் ஜாவோன் வாக்கரை எடுத்த பிறகு பேக்கர்ஸ் முதல் சுற்றில் ரிசீவரே எடுத்ததில்லை. 23 வருடம். என்னைச் சுற்றி இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் தரை அதிர்ந்தது, நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன், தம்பி என்னைக் கட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் டாம்பா ஆட்டம்தான் ஞாபகம் வந்தது. 8 யார்டு கோடு, மூன்று வீச்சு. செல்வம் அண்ணே, உங்கள் வாதம் எல்லாம் கேட்டேன், சுபா அக்கா சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டேன். லவ் என் அணியின் குவார்ட்டர்பேக், அவருக்காக இந்த வருடமும் கத்துவேன். ஆனால் ராட்ஜர்ஸுக்கு அந்தச் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கக் கிடைக்கவில்லை.